தையல் மிஷின் மேலிருந்த மூன்றாவது கட்டு

என் மனைவி இதயத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து என் இதயம் ஒழுங்காக அடிப்பதை நிறுத்திவிட்டது. அதற்கு முன்னால் அப்படி ஒன்று உள்ளே இருப்பதே எனக்கு ஞாபகம் இருந்ததில்லை. விருத்தாசலத்தில் பீங்கான் ப்யூஸ் கட்டை செய்து விற்கிறவனுக்குக் கவலைப்பட வேறு எவ்வளவோ இருக்கிறது. சூளை சூடு ஏறுகிறதா, கரண்ட் எப்போது போகும், லாரிக்காரன் வைக்கோல் போட்டுக் கட்டினானா இல்லை வாயால் சொல்லிவிட்டுப் போய்விட்டானா. இதற்கு நடுவில் நெஞ்சுக்குள் எது தட்டுகிறது என்று யார் கேட்டுக்கொண்டிருப்பது.

அவள் டாக்டர் இல்லை, லைப்ரேரியன். பஸ்ஸில் போய்விட்டு சாயந்திரம் திரும்பிவிடக்கூடிய தூரத்தில் ஒரு கல்லூரியில் நூலகர். நாற்பதை நெருங்குகிற வயதில், இரண்டாயிரத்தின் நடு வருஷங்களில், நூலக அறிவியலில் பகுதிநேரமாக பிஎச்.டி. செய்யப் பதிவு செய்தாள். நூலகத்துக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் கேட்டேன், ஊரும் கேட்டது. அவள் பொறுமையாகச் சொன்னாள். ஒரு துறையில் உலகம் முழுக்க யார் யார் என்ன எழுதுகிறார்கள், வருஷத்துக்கு வருஷம் எவ்வளவு கூடுகிறது, யார் யாரை மேற்கோள் காட்டுகிறார்கள், பேச்சு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துச் சொல்வதும் நூலகர் வேலைதானாம். எனக்குப் புரிந்த வகையில், மணிமுத்தாற்றில் தண்ணீர் வந்தால் பாலத்தில் கும்பலாக நின்று வேடிக்கை பார்ப்போமே, அது மாதிரி. என்ன, நாங்கள் சும்மா பார்ப்போம். அவள் பார்த்ததை அளந்து எழுதுவாள்.

அவளுக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியை அம்மா ஒரு யோசனை சொல்லியிருந்தார். ஏற்கெனவே பெருகிப்போன துறையை எடுத்தால் மூழ்கிப்போவாய், இப்போதுதான் ஊற்றெடுக்கிற துறையாகப் பார் என்று. தேடித் தேடி அவள் பிடித்தது இதயத் தசை நோய்களில் ஆட்டோபேஜி. இதயத்தின் தசை பலவீனமாகிப் பம்ப் செய்ய முடியாமல் போகிற நோய்கள் சில உண்டு. அந்த இதயங்களில் ஆட்டோபேஜி என்ற காரியம் என்ன செய்கிறது என்று உலகத்தில் பலபேர் அப்போதுதான் வேகமாக எழுத ஆரம்பித்திருந்தார்கள்.

ஆட்டோபேஜி என்றால் என்னவென்று காலை டிபன் நேரத்தில் கேட்டது என் தவறு.

"செல்லு தன்னைத்தானே தின்னுக்கறது" என்றாள்.

இட்லித் துண்டு கையில் நின்றது. "யாரு வூட்டு செல்லு?"

"எல்லார் வூட்டு செல்லும்தான்."

"எனக்குமா?"

"உங்களுக்கும்தான். இப்பக்கூட நடந்துகிட்டுதான் இருக்கும். சட்னி வேணுமா?"

சட்னி வேண்டியிருக்கவில்லை. பிறகு அவள் விளக்கித்தான் சொன்னாள். செல்லுக்குள் தேய்ந்துபோன, கெட்டுப்போன பாகங்களை ஒரு சின்னப் பை மாதிரி சுற்றிக் கட்டி, கரைத்து, அந்தச் சரக்கையே திரும்ப எடுத்து உபயோகப்படுத்திக்கொள்ளுமாம். இதயத் தசை செல்லு மற்றதைப் போல அடிக்கடி புதுசாக முளைக்காது, இருப்பதை வைத்தே காலம் தள்ள வேண்டும், அதனால் அதற்கு இந்த வேலை முக்கியம் என்றாள். இதெல்லாம் என் காதில் விழுந்தது. மூளையில் விழுந்தது "தின்னுக்கறது" மட்டும். கம்பெனிக்குப் போனேன். கட்டைகளுக்குப் பளபளப்பு வரக் கிளேஸ் பூசுகிற இடத்தில் போய் நின்றால், என் நெஞ்சுக்குள் யாரோ முறுக்கு கடிப்பது போலக் கேட்டது.

கம்பெனியை நானும் அவள் தம்பியும் சேர்ந்து நடத்துகிறோம். மச்சானுக்கு என்னைக் கிண்டல் செய்வது மூன்றாவது வேளைச் சாப்பாடு. அவனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்டி தின்னாலும் ஒங்க ஒடம்புல முடிக்க நாளாகும் மாமா, பயப்படாதீங்க" என்றான்.

அவள் அந்தக் காலத்தில் ஸ்டேஷன் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கட்டுரைகளின் சுருக்கங்களை அச்செடுத்துக்கொண்டு வருவாள். கல்லூரியில் இருந்த இன்டர்நெட் மழை வந்தால் லீவு எடுத்துக்கொள்ளும். முதல் வருஷங்களில் வந்த தாள்களில் பாதிக்கு மேல் ஒரே பாட்டு. செயலிழந்த இதயங்களைப் பார்த்தோம், அதில் இந்தச் சின்னப் பைகள் நிறைய இருந்தன, செல்லு தன்னைத் தின்று தின்றே செத்ததோ என்று சந்தேகம். இன்னொன்றையும் அவள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். உடம்பு பட்டினி கிடந்தால் இந்தத் தின்னல் வேகமாகுமாம்.

அவ்வளவுதான். நான் பட்டினி கிடப்பதை அன்றோடு விட்டேன். பட்டினி என்றால் ஒரு வடைக்கும் அடுத்த வடைக்கும் நடுவில் உள்ள நேரம். காலையில் இட்லி, பத்து மணிக்கு டீக்கடையில் போண்டா, பதினொன்றரைக்குச் சட்டைப் பையில் வைத்திருந்த பொட்டுக்கடலை, மத்தியானம் சாப்பாடு, அது செரிக்குமுன் பஜ்ஜி. என் இதயத்துக்குப் பசி என்ற சொல்லே தெரியாமல் வளர்த்தேன். அதற்கு வெளியிலிருந்து சாப்பாடு போய்க்கொண்டே இருந்தால் உள்ளே கை வைக்காது என்பது என் சித்தாந்தம். மச்சான் மண் அரைவை மிஷினைக் காட்டி, "இதுக்குக்கூட மத்தியானம் ஒரு மணி நேரம் ரெஸ்ட் குடுக்கறோம் மாமா" என்றான்.

இதன் பலனாக மூச்சு வாங்கியது. மாடி ஏறினால் வாங்கியது, குனிந்து செருப்பு மாட்டினால் வாங்கியது. மூச்சு வாங்குவது இதயத் தசை நோயின் அறிகுறி என்று அவளுடைய தாளிலேயே இருந்தது. ஆக நோய் வந்தாயிற்று. அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு ஒன்றையும் செய்தேன். இவ்வளவு துறைகள் இருக்க இவள் ஏன் இதயத்தை எடுத்தாள்? என் நோய் இவளுக்கு முன்பே தெரியும். சொல்லாமல் மறைத்து, ஊரறியாமல் வைத்தியம் தேடுகிறாள். இப்படி யோசித்த சாயந்திரம், அவள் படித்துக்கொண்டிருந்த பக்கம் போய், எனக்கு எல்லாம் தெரியும், என்னிடம் மறைக்க வேண்டாம், நான் தைரியமானவன் என்று குரல் உடைந்து சொன்னேன். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு அழுகிற மாதிரி தோள் குலுங்கியது. நானும் அழத் தயாரானேன். சிரிக்கிறாள்.

பாண்டிச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போய் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்க வைத்தாள். டாக்டர் என் நெஞ்சில் பசை தடவி, திரையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் நான் கம்பெனியை மனசுக்குள் மச்சானுக்கு எழுதி வைத்துவிட்டேன். டாக்டர் கடைசியில், இதயம் நல்லா இருக்குது, வயித்தைத்தான் பாத்தா பாவமா இருக்குது என்றார். கம்பெனியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

ஆனால் ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. தினமும் அவள் பை நிறையத் தாளோடு பஸ் இறங்கி வந்ததும் கேட்பேன். "இன்னிக்கு இன்னா சொல்றாங்க?"

அவள் கால் கழுவிவிட்டு வந்து சொல்ல வேண்டும். சாப்பிடலாமா கூடாதா என்பதை நான் தெரிந்துகொள்ள வேண்டுமே. அவள் வேலைக்கு அது தேவையே இல்லை. தலைப்பு, வருஷம், யார் எழுதியது, எந்த நாடு, எதை மேற்கோள் காட்டியது என்று எடுத்துக்கொண்டால் போதும், அதை வைத்தே கணக்குப் போட்டு கிராஃப் வரைந்து பட்டம் வாங்கியவர்கள் உண்டு. என் தொல்லை தாங்காமல் அவள் ஒவ்வொன்றையும் உட்கார்ந்து படித்தாள். படித்து இரண்டாகப் பிரித்தாள். தின்னல் கெடுதல் என்று சொல்கிற தாள்கள் ஒரு கட்டு, அலமாரியின் மேல் தட்டில். நல்லது என்று சொல்கிறவை இன்னொரு கட்டு, கீழ்த்தட்டில். நான் கம்பெனியிலிருந்து வந்ததும் எந்தக் கட்டு உயரமாக இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் சமையற்கட்டுக்குள் போவேன்.

இரண்டாயிரத்து ஏழு வாக்கில் கீழ்த்தட்டு உயர ஆரம்பித்தது. எலிகளின் இதயத்தில் இந்தத் தின்னலை நடக்கவிடாமல் தடுத்துப் பார்த்தார்களாம். இதயம் பிழைத்துக்கொள்ளும் என்று பார்த்தால் வீங்கித் தளர்ந்துபோயிற்று. உள்ளே சேர்ந்த குப்பையை அள்ள ஆளில்லாமல். ஆகத் தின்னல் என்பது கொலைகாரன் இல்லை, துப்புரவுக்காரன். நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். இத்தனை வருஷம் அந்த மனுஷனை வேலை செய்யவிடாமல் வடையைப் போட்டு அடைத்திருக்கிறேனே.

மறுநாளே பட்டினியில் இறங்கினேன். அமாவாசை, ஏகாதசி, கிருத்திகை, எதுவும் இல்லாத புதன்கிழமை. டீக்கடையில் போண்டாவை நீட்டினால் கையெடுத்துக் கும்பிட்டேன். ஊர் இதை வேறு விதமாகப் புரிந்துகொண்டது. பழமலைநாதர் கோயில் பக்கம் பார்க்கிறவர்கள், என்ன வேண்டுதல் என்று மரியாதையாக விசாரித்தார்கள். எலி என்று எப்படிச் சொல்வது. ஒரு பாதயாத்திரைக் குழுவில் என்னைக் கேட்காமலே தலைமைப் பொறுப்பு கொடுத்துவிட்டார்கள். மச்சான் அந்த நோட்டீஸை கம்பெனிச் சுவரில் ஒட்டிவைத்து, வருகிற வியாபாரிகளிடமெல்லாம், சாமி உள்ள இருக்கறாரு, கூப்புடட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

இதோடு முடிந்திருந்தால் நான் இளைத்து அழகாகியிருப்பேன். முடியவில்லை. வந்த தாள்களில் சில இரண்டு கட்டுகளிலும் அடங்காமல் போக ஆரம்பித்தன. ரத்தம் அடைபட்ட நேரத்தில் இந்தத் தின்னல் இதயத்தைக் காப்பாற்றுகிறது, அடைப்பு நீங்கி ரத்தம் திரும்பப் பாயும்போது கெடுக்கவும் செய்யலாம் என்றது ஒன்று. கொஞ்சமாக இருந்தால் துணை, மிஞ்சினால் ஆபத்து என்றது ஒன்று. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு மேல் தட்டைப் பார்த்தாள், கீழ்த்தட்டைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்த தையல் மிஷின் மேல் வைத்தாள்.

"அங்க ஏன் வெக்கிற? ஒரு முடிவா சொல்லு. நான் மத்தியானம் சாப்புடணும்."

"முடிவு சொல்ல முடியாதுங்க. இவங்க சொல்றது அப்டி. எப்பன்றதப் பொறுத்துது, எவ்ளோன்றதப் பொறுத்துது."

"நான் சாப்புடறது எதைப் பொறுத்துது?"

"என் பொறுமையப் பொறுத்துது" என்றாள்.

அந்த மழைக்காலத்தில் தையல் மிஷின் மேல் கட்டு வளர்ந்தது. அவள் ஜாக்கெட் தைக்க வேண்டுமென்றால் அதைத் தூக்கிக் கட்டிலில் வைத்துவிட்டுத்தான் தைக்க வேண்டும். பிறகு தைப்பதையே விட்டுவிட்டாள். ஒருநாள் நான் போய்ப் பார்த்தபோது அவள் தாள்களைத் தொடாமல், மூன்று கட்டுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். நூலிழை கொண்டு உயரம் அளந்தாள். எனக்கு அப்போதும் அது என் சாப்பாட்டு விஷயம் என்றுதான் நினைப்பு.

அவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் தெரிந்துகொண்டது தாமதமாகத்தான். பகுதிநேரப் பதிவுக்கு ஒரு கெடு உண்டு. கல்லூரி வேலை, வீடு, என் நெஞ்சு எல்லாம் சேர்ந்து இழுத்ததில் கெடு முடிந்து, நீட்டிப்பும் வாங்கியாயிற்று. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள். அதைப் படித்த தேர்வாளர்களில் ஒருவர் கடுமையாக எழுதியிருந்தார். இது வெறும் எண்ணிக்கை, இந்தப் பெண் எண்ணியதைப் புரிந்துகொண்டாரா என்று தெரியவில்லை, நேரில் பார்க்கிறேன் என்று. வாய்மொழித் தேர்வுக்கு அவரே வருகிறார். அவர் திருப்திப்படாவிட்டால் திருத்தி எழுத வேண்டும், திருத்தி எழுத அவளுக்கு மிச்சக் காலம் இல்லை. இத்தனை வருஷமும் பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தது அப்படியே போய்விடும். இதையெல்லாம் அவள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

உதவ வேண்டுமே என்று நான் ஒரு யோசனை சொன்னேன். நம் கம்பெனியில் சுடாத பச்சைக் கட்டை உடைந்தால் திரும்ப அரைவையில் போட்டு மண்ணாக்கிக்கொள்கிறோம், செல்லும் அதைத்தான் செய்கிறது, அதைச் சொல் அசந்துபோவார் என்று. அவள் கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அந்தாளு முன்னூறு தாளுக்குக் கேள்வி வெச்சினு வரப்போறாரு, நான் களிமண்ணை நம்பிப் போக முடியாது என்றாள்.

தேர்வு நடக்கிற அறிவிப்பு வந்தது. திருச்சிப் பக்கம் பல்கலைக்கழகம். பொது வாய்மொழித் தேர்வு, ஆர்வமுள்ள அனைவரும் கலந்துகொள்ளலாம் என்று அதில் இருந்தது. அப்படிப் போடுவது வழக்கமாம். துறையில் பத்துப் பேர் வந்து உட்கார்ந்து தலையாட்டிவிட்டுப் போவார்களாம். எனக்கு அது தெரியாது. அனைவரும் என்றால் எங்கள் ஊரில் அனைவரும்தான். ஜெராக்ஸ் எடுத்து டீக்கடையில் ஒட்டினேன், பாதயாத்திரை நோட்டீஸுக்குப் பக்கத்தில். அதிர்ஷ்டவசமாக அன்றைக்குச் சூளை ஆறுகிற நாள். சுட்டு முடித்த சூளையை உடனே திறந்தால் சரக்கு விரிசல் விட்டுவிடும், தானாக ஆறும்வரை எல்லோரும் கைகட்டி உட்கார வேண்டியதுதான். சும்மா உட்காருவதற்கு அங்கே வந்து உட்காரலாமே என்று ஒரு வேன் நிறையக் கிளம்பினார்கள். பெண்கள் பூ வைத்துக்கொண்டு வந்தார்கள். தேர்வுக்கு வருகிறவர்களுக்கு டிபன் கொடுப்பது ஆராய்ச்சி செய்தவர் வீட்டு வழக்கம் என்று கேள்விப்பட்டு, மச்சான் ஒரு பெரிய தூக்கு நிறைய மெதுவடை போட்டு எடுத்து வந்தான்.

அவளுக்கு வேனைக் காட்டியபோது முகம் வெளுத்துப்போனது. இன்னா இது கல்யாணமா என்றாள். பிறகு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து தாள்களைப் பிரித்தாள். வழியெல்லாம் என் நெஞ்சு அடித்துக்கொண்டது. கூட வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் விசிறினார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். யாரோ சோடா வாங்கி வந்தார்கள். தேர்வு எனக்குத்தான் என்று வழியில் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

கருத்தரங்க அறையில் பேராசிரியை அம்மா எங்கள் கூட்டத்தைப் பார்த்துக் கொஞ்சம் தடுமாறி, கூடுதல் நாற்காலி போடச் சொன்னார். தேர்வாளர் வயதானவர், கோபக்காரர் மாதிரி தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. அவள் திரையில் படம் போட்டு இங்கிலீஷில் பேசினாள். குரல் முதலில் மெல்லியதாகவும் பிறகு கொஞ்சம் நிமிர்ந்தும் போயிற்று. வருஷம் ஏற ஏறக் கோடு மேலே ஏறியது. எங்கள் வேன் கோடு ஏறும்போதெல்லாம் தலையாட்டியது.

முடிந்ததும் தேர்வாளர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக் கேட்டார். அவர் தமிழிலேயே கேட்டதுதான் எனக்கு அதிர்ச்சி, தப்பிக்க வழியில்லாமல் புரிந்துவிட்டது.

"அம்மா, எண்ணிக்கை சரியா இருக்கும், அதுல எனக்குச் சந்தேகமில்ல. ஆனா இதைக் கம்ப்யூட்டரே எண்ணிடும். நீங்க ஒரு நூலகர். இதயத்தப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? நீங்க இதைப் படிச்சதால, நீங்க மட்டும் பார்த்தது என்ன?"

அவள் மைக்கை இன்னும் கிட்டே இழுத்தாள்.

மின்விசிறி சுற்றியது. பேராசிரியை அம்மா மேசையைப் பார்த்தார். அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உதடு அசையவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். கெடு, நீட்டிப்பு, பஸ், எல்லாம் என் கண்முன் ஓடின. நெஞ்சு காது வரைக்கும் அடித்தது. நிஜமாகவே இந்தமுறை வந்துவிட்டது என்று மச்சான் பக்கம் சாய்ந்தேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தூக்கைத் திறந்து ஒரு வடையை என் கையில் திணித்தான். "கடிங்க மாமா, ஒண்ணும் இல்ல." நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமல் வடையைத் தூக்கி வாயருகே கொண்டுபோனேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். வடையைப் பார்த்தாள். முகத்தில் எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வந்தது.

"சார், அதோ கையில வடையோட ஒருத்தர் உக்காந்திருக்காரு பாருங்க. அவரு என் வூட்டுக்காரரு" என்றாள். அறை முழுக்கத் திரும்பியது. என்னால் வடையைக் கீழே இறக்கவும் முடியவில்லை, உள்ளே போடவும் முடியவில்லை. "தெனமும் நான் வந்ததும் சாப்புடலாமா வேணாமான்னு கேப்பாரு. அவருக்குப் பதில் சொல்றதுக்காகத் தலைப்போட நிறுத்தாம ஒவ்வொண்ணையும் உள்ள படிச்சேன். கெடுதல்ன்னு ஒரு கட்டு, நல்லதுன்னு ஒரு கட்டு. கொஞ்ச நாள்ல எதுலயும் சேராத தாளுங்க வர ஆரம்பிச்சுது. அதத் தையல் மிஷின் மேல வெச்சேன். பார்த்தா அந்த மூணாவது கட்டுதான் வேகமா வளருது. ஆரம்பத்துல எல்லாரும் நல்லதா கெட்டதான்னு கேட்டாங்க சார். இப்ப எப்ப, எவ்வளவு, எந்த நிலையிலன்னு கேக்கறாங்க. பதில் மாறலை, கேள்வியே மாறியிருக்குது. எண்ணிக்கையில அது தெரியாது. அஞ்சாவது அத்தியாயம் முழுக்க அந்தக் கட்டுதான்."

தேர்வாளர் ஆய்வேட்டைப் பிரித்து ஐந்தாவது அத்தியாயத்துக்குப் போனார். நிதானமாகப் படித்தார். பிறகு விடாமல் இன்னொன்று கேட்டார். கோடு இப்படி ஏறுவது அந்த விஷயத்தின் வளர்ச்சியா, அல்லது அந்தச் சொல் புதிதாகப் புழக்கத்துக்கு வந்ததால் ஏறுகிறதா? முன்பும் இதைப் பார்த்தவர்கள் வேறு பேர் சொல்லி எழுதியிருப்பார்களே?

இதற்கு அவள் நிற்கவே இல்லை. இங்கிலீஷுக்கு மாறினாள். பழைய கட்டுரைகளில் அந்தப் பேரே இருக்காது, செல்லுக்குள் குமிழ் இருந்தது, செரிக்கும் பை பெருத்திருந்தது என்றுதான் எழுதியிருப்பார்கள், மேற்கோள்களைப் பின்னாலேயே பிடித்துப்போய் அவற்றையும் தேடியெடுத்துத் தனிக் கோடாகப் போட்டிருக்கிறேன் என்று, திரையில் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். இரண்டு கோடுகள். பேரில்லாத கோடு வெகு பின்னாலிருந்து வந்தது. அதை நான் அன்றுதான் முதல்முறை பார்த்தேன். அதற்கு நான் தொந்தரவு செய்யவில்லை, சாப்பிடலாமா என்று கேட்கவில்லை. எந்த விடுமுறையில், எந்த பஸ்ஸில் உட்கார்ந்து இவ்வளவையும் தேடினாள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. ஒரே வீட்டில், அலமாரிக்கும் தையல் மிஷினுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்திருக்கிறேன். என் நெஞ்சைத் தவிர வேறெதுவும் என் கண்ணில் படவில்லை.

எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். நாங்கள் வராந்தாவில் நின்றோம். அவள் ஒரு தூணில் சாய்ந்துகொண்டாள். திரும்பக் கூப்பிட்டார்கள். தேர்வாளர் எழுந்து நின்று, முனைவர் பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்றார். முறைப்படி இங்கிலீஷில் சொல்லிவிட்டு, ஐந்தாம் அத்தியாயத்தைத் தனிக் கட்டுரையாக வெளியிட வேண்டும் என்பதைத் தமிழில் சேர்த்துக்கொண்டார். எங்கள் வேன் கைதட்டியது. பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள், அது மச்சான் இல்லை என்று மச்சான் இன்றுவரை சொல்கிறான்.

டிபன் நேரத்தில் தேர்வாளர் என்னிடம் வந்தார். வடையைப் பிட்டுக்கொண்டே, "நீங்கதான் அந்த மூணாவது கட்டா?" என்றார்.

"அப்டியும் சொல்லலாங்க சார், இல்லன்னும் சொல்லலாம். எப்பன்றதப் பொறுத்துது" என்றேன்.

அவர் அங்கேயே சிரித்துப் புரையேறி, பேராசிரியை அம்மா தண்ணீர் கொண்டு வர வேண்டியதாயிற்று. அந்தப் பட்டத்தில் பாதி எனக்குத்தான் என்று நான் ஊரில் பேசிக்கொண்டிருப்பதற்கு அவர் சிரிப்பு ஒன்றுதான் ஆதாரம். உள்ளுக்குள் எனக்கு அந்த இரண்டாவது கோடுதான் ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பும்போது வேப்பூரில் ரோட்டோர ஓட்டலில் வேனை நிறுத்தினோம். ஆளாளுக்குப் பரோட்டா சொன்னார்கள். என் மனைவி சர்வரைக் கூப்பிட்டு, ரெண்டு இட்லி, ஒரு பூரி செட்டு, அது முடியறதுக்குள்ள ஒரு நெய் தோசை என்றாள். வீட்டில் ஒரு தோசைக்கு மேல் சாப்பிடாதவள்.

"காலையில சாப்டியா?" என்றேன்.

"நேத்து மத்தியானத்துலேந்தே ஒண்ணும் எறங்கல."

"சொல்லவே இல்லியே."

"உங்களுக்குத்தான் நெஞ்சு அடிச்சிக்கினு இருந்துச்சே. ரெண்டு பேருக்கும் அடிச்சிக்கிட்டா மைக்குல யாரு பேசறது" என்றாள், இட்லியைச் சாம்பாரில் அமுக்கிக்கொண்டே.

அந்தப் பக்கம் மச்சான் ஏதோ கிண்டலாக ஆரம்பித்தான். நான் அவன் தொடையில் ஒன்று வைத்தேன். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஊரே விசிறிய நெஞ்சு என்னுடையது. இவள் நெஞ்சுக்கு யாரும் ஒரு சோடா வாங்கித் தரவில்லை, அதை வைத்துக்கொண்டே போய் நின்று பேசியிருக்கிறாள். சட்னிக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினேன். எனக்கென்று சர்வரிடம் எதுவும் சொல்லவில்லை, அன்றைக்கு எந்தக் கட்டும் என் ஞாபகத்தில் இல்லை. நெஞ்சு என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

தோசை முடிகிற நேரத்தில் ஓட்டல்காரர் கல்லாவிலிருந்து எழுந்து வந்து, அம்மாவுக்கு இன்னொண்ணு போடட்டுங்களா என்று கேட்டார்.

"டாக்டருக்குப் போடுங்க" என்றேன். முதல்முறையாகச் சொல்கிறேன், வாய் நிறைந்துபோயிற்று.

அவர் சட்டென்று தோளில் கிடந்த துண்டை எடுத்து மேசையைத் துடைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆறு மாசமா இந்த எடது முட்டிதாங்க, ஏறி எறங்க முடியல என்று ஆரம்பித்தார்.

அவள் என்னை முறைத்தாள். "நான் அந்த டாக்டரு இல்லீங்க" என்றாள் அவரிடம்.

"பரவால்லீங்கம்மா" என்றார் அவர், வேட்டியை முழங்கால் வரைக்கும் ஏற்றிக்கொண்டு.

இரண்டாவது நெய் தோசை வந்தது. அவள் சாப்பிட்டுக்கொண்டே முழுசும் கேட்டாள். எப்போது வலிக்கிறது, எவ்வளவு நேரம், மடக்கும்போதா நிற்கும்போதா என்று கேட்டுவிட்டு, விருத்தாசலம் ஆஸ்பத்திரியில் எந்த டாக்டரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொன்னாள்.